ஆறாம் பாத்தியில் உப்பு

ஆனி பிறந்த மூன்றாம் நாள் பாண்டிச்செல்வம் முன்னறைச் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவை இறக்கிவிட்டு, அந்த ஆணியில் காய்கறித் தோட்டத்தின் வரைபடத்தை மாட்டினார். கனகலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக அந்த ஆணியில் தொங்கிய மாப்பிள்ளையும் பெண்ணும் சோபாவில் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, செத்த நேரம் இங்க வந்து நில்லு. ஒரு வருஷத்துத் திட்டம். வார ஆடியில இருந்து அடுத்த ஆனி வரைக்கும்."

வந்து நின்றாள். ராஜபாளையத்து வீட்டின் பின்னால் இருந்த மூன்று சென்ட் இடம் அந்தத் தாளில் எட்டுப் பாத்திகளாகியிருந்தது. ஒவ்வொரு பாத்திக்கும் பன்னிரண்டு கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. வெண்டைக்குப் பச்சை, தக்காளிக்குச் சிவப்பு, கத்தரிக்கு ஊதா என்று கலர் பென்சிலால் தீட்டியிருந்தார். சுபேதாராக ஓய்வு பெற்று வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவருக்குப் பாத்தி என்ற சொல் வாயில் வரவில்லை.

"இது செக்டர் ஒண்ணு. ஆடியில வெண்டை, கார்த்திகையில முள்ளங்கி, மாசியில சீனியவரை. ஒரு இடத்துல ஒரே பயிரைத் திருப்பிப் போடக் கூடாது பாத்துக்க, மண்ணு சத்து போயிரும். வேலி தனி. கிழக்க பாகல், தெக்க பீர்க்கு."

"அப்போ இது?" ஆறாம் நம்பர் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"செக்டர் ஆறு. ரொம்ப முக்கியமான எடம். காலைல ஏழு மணியில இருந்து சாயங்காலம் நாலரை வரைக்கும் முழு வெயில். நாலு நாள் உக்காந்து குறிச்சு வச்சிருக்கேன். ஆடியில கத்தரி, தையில சின்ன வெங்காயம், பங்குனியில தண்டங்கீரை."

"நாலரைக்குப் பொறவு?"

"பொறவு பக்கத்து வீட்டு வேம்போட நெழல் விழுந்துருது. அது பரவால்ல."

பரவாயில்லையாமே. நாலரைக்கு அங்கே நிழல் விழும் என்பதை அவர் நாலு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். அவளுக்கு அது இருபது வருஷமாகத் தெரியும்.

அவர் எல்லையிலும் பனியிலும் இருந்த காலத்தில், மகள் முனீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்து பாலைக் குடித்துவிட்டு டியூஷனுக்கு ஓடியதும், கனகலட்சுமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். வேம்பின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே போட்டு உட்காருவாள். பின்வரிசையில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு மலை தெரியும். சாரல் காலமென்றால் அந்த ஒரு முழத்துக்குள் மேகம் இறங்கும், ஏறும். அரை மணி நேரம். வாசிக்க மாட்டாள், பூக்கட்ட மாட்டாள், போனை எடுக்க மாட்டாள். மகள் வளர்ந்து, சென்னைக்கு வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும் அந்த அரை மணி நேரம் அப்படியே இருந்தது. இதற்கு அவள் பெயர் வைத்ததில்லை. பெயர் வைக்காததாலேயே யாரும் அதைக் கேட்டதில்லை, எடுத்துக்கொண்டதும் இல்லை.

இப்போது அது செக்டர் ஆறு. ஊதா நிறம்.

அன்று ராத்திரி தோசை வார்த்தபடி பேச்சை எடுத்தாள். "அந்த ஆறாவதை எனக்கு விட்டுருங்களேன்."

"என்ன போடப் போற?"

'ஒண்ணும் போடல, உக்காரப் போறேன்' என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் திறந்தது. வெளியே வந்தது, "கொத்தமல்லி."

"செக்டர் மூணுல இருக்கு. கார்த்திகை."

"புதினா?"

"கொழாயடியில."

"பிரண்டை."

"தென்மேற்கு மூலை, வேலியோரம். நீ திட்டத்தை ஒழுங்காப் படிக்கவே இல்ல."

படுத்த பிறகு தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. காய் கேட்க முடிகிறது, கீரை கேட்க முடிகிறது. அதெல்லாம் வீட்டுக்காகக் கேட்பது. ஒன்றும் இல்லாத இடம் வேண்டும் என்று கேட்க நினைத்தால், யாருடைய பையிலோ கை விடுவது போல இருக்கிறது. அவர் லீவில் வந்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்ததும் வீட்டைச் சீர்படுத்துவார். அரிசி டிரம்மை இடம் மாற்றுவார், செருப்பு அடுக்கைத் திருப்பி வைப்பார். கனகலட்சுமி மூச்சுக் காட்ட மாட்டாள். முப்பது நாளில் ரயிலேற்றிவிட்டு வந்து எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு நகர்த்திவிடுவாள். அவரும் அடுத்த தடவை வந்து ஒன்றும் கேட்டதில்லை. இந்த லீவுதான் முடியவே மாட்டேன் என்கிறது. இந்த நினைப்பு வந்ததும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். உசுரோடு முழுசாகத் திரும்பி வரவேண்டும் என்று எத்தனை கோயிலுக்கு நடந்தவள்! வந்த மனுஷன் பக்கத்தில் குறட்டை விடுகிறார். அவளோ அரிசி டிரம்மை நகர்த்த நாள் பார்க்கிறாள்.

நாலாம் நாள் துணிந்து இல்லாத காய் ஒன்றை உண்டாக்கினாள்.

"குதிரைவாலிப் பாகல்னு ஒண்ணு உண்டு. எங்க அம்மா வீட்டுப் பக்கம் போடுவாக. தரையில படரும், தனியா எடம் விடணும். ஆறாவதுதான் தோதுப்படும்."

"அப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லையே?" என்றவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற படைவீரர்களில் தோட்டம் போடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் கேட்டார். இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். "ஏட்டி, எல்லாரும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னுட்டாங்க. தேனியில ஒரு ஹவில்தார் மட்டும் அவிய வீட்டுல அந்தக் காலத்துல இருந்துச்சுங்கிறாரு. சர்க்கரைக்கு நல்லதாம். விதை அனுப்புறாராம்!"

கனகலட்சுமிக்குச் சாம்பார் புரையேறியது.

"ஆனா அதுக்கு ஆறு வேண்டாம். செக்டர் ரெண்டுல ஓரமாப் படர விடலாம்" என்று பென்சிலைச் சீவினார்.

மகளும் போனில் சிரித்தாள். "அம்மா, அப்பா பிளானைக் குடும்ப குரூப்புல போட்டு எங்க எல்லாரையும் கருத்துச் சொல்லச் சொல்லிருக்காரு. உன் மருமகன் பயந்துபோய் மூணு தம்ஸ் அப் போட்டிருக்காரு. நீ என்ன கருத்துச் சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல."

அடுத்த கட்டம் மண் பரிசோதனை. ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து இடத்தில் அரையடிக் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டி, கலந்து, தாளில் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை அப்படியே செய்து, நிழலில் உலர்த்தினார். எட்டுத் துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் நம்பர், தேதி, கையெழுத்து. கனகலட்சுமி அந்த வாரம் சித்தி மகளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக இருந்தாள். அங்கே உரக்கடை ஒன்றின் மாடியில் மண்ணைப் பரிசோதித்துத் தருகிற தனியார் இடம் இருப்பதை அவர் விசாரித்து வைத்திருந்தார்.

"பையை மடியில வச்சுக்க. கீழ வைக்காத. ஒண்ணோட ஒண்ணு கலந்துரக் கூடாது."

எட்டுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தவளுக்குப் பிள்ளைத்தாச்சி போல இருந்தது. மேலே ஆறாம் நம்பர் பை. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது அவள் வயிற்றில் முட்டியது. தன் இடத்து மண்ணைத் தானே சுமந்துகொண்டு போய், இது கத்தரிக்கு நல்லது என்று எழுதி வாங்கி வரப்போகிறோம் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றியது. நல்லது என்று எழுதாவிட்டால்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாகப் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் தூள் உப்பு வாங்கினாள். நிழலான பெஞ்சில் உட்கார்ந்து ஆறாம் பையின் முடிச்சை அவிழ்த்தாள். எவ்வளவு போடுவது? மண்ணுக்கு உப்புக் கணக்கு அவளுக்குத் தெரியாது. அவள் கைக்குத் தெரிந்தது ஊறுகாய்தான். அரைக் கிலோ மாங்காய்க்கு எவ்வளவு போடுவாளோ அவ்வளவு கை தானாக அள்ளிப் போட்டது. கெட்டுப்போகாமல் இருக்க இன்னும் ஒரு சிட்டிகையும் போட்டுக் குலுக்கினாள்.

பக்கத்தில் வத்திராயிருப்பு பஸ்ஸுக்குக் காத்திருந்த அம்மா ஒருத்தி குனிந்து பார்த்தாள். "என்னத்தா, மண்ணுல உப்பைப் போடுதீக?"

கனகலட்சுமி கண்ணை மூடித் திறந்தாள். "நேர்த்திக்கடன்."

"அம்மனுக்கு உப்பும் மொளகும் கொட்டுறதுதான் பாத்திருக்கேன். மண்ணோட சேத்தா?"

"வீட்டு மண்ணோட சேத்துக் கொண்டாரேன்னு நேந்துக்கிட்டேன்."

அந்த அம்மாள் சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்கும் சேத்து ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க. அழகுத்தாய்னு சொன்னாப் போதும், அவளுக்குத் தெரியும். முட்டி வலி, மாடிப்படி ஏற முடியல."

கனகலட்சுமி உண்மையாகவே வேண்டிக்கொண்டாள். அழகுத்தாயின் முட்டி குணமாகட்டும் தாயே, என் பொய்யையும் இதோடு சேர்த்து மாப்பு விடு. முன்பின் தெரியாதவளிடம் இத்தனை சரளமாகப் பொய் சொல்ல முடிகிறது; கட்டினவரிடம் ஒரு வரி நிஜம் சொல்ல நாலு நாள் போதவில்லை. இது என்ன மனசு? யோசித்துக்கொண்டே உரக்கடை மாடிப்படி ஏறினாள்.

அங்கே இருந்த ஜெபின் என்ற பையன் விவசாயப் படிப்பு முடித்தவன், நாகர்கோவில் பக்கம். எட்டுப் பைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை ஏக்கர்க்கா?" என்றான்.

"மூணு சென்ட்."

"மூணு சென்ட்டுக்கு எட்டு சாம்பிளா? ஒண்ணு போதுமே!"

"அவியகிட்ட சொல்லிப் பாருங்க" என்றாள் கனகலட்சுமி. ஜெபின் பைகளின் மேலிருந்த கையெழுத்துகளைப் பார்த்துவிட்டு, சொல்லிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டான்.

பத்தாம் நாள் காலையில் போன் வந்தது. பாண்டிச்செல்வம் ஸ்பீக்கரில் போட்டார். ஏழு பாத்தி நல்ல மண். "ஆனா ஐயா, ஆறாம் நம்பர்... உங்க வீட்டுக்குப் பின்னால கடல் ஏதும் இருக்கா?"

"என்னது?"

"அம்புட்டு உப்பு. நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். கருவாடுதான் போடலாம். எங்கேயோ தப்பு நடந்திருக்கு, இன்னொரு சாம்பிள் எடுத்துக் கொண்டாங்களேன்."

"தம்பி, சாம்பிள் நான் எடுத்தது. அதுல தப்பு வராது" என்று போனை வைத்தார்.

கனகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வயிற்றுக்குள் சிரிப்பு உருண்டது. இப்போது பென்சிலை எடுப்பார், ஆறாம் கட்டத்தில் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் வரைபடத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். முகத்தில் கவலை இல்லை. இரண்டு வருஷமாக அவள் பார்க்காத வெளிச்சம் இருந்தது. எதிரி கிடைத்துவிட்ட வெளிச்சம்.

"விடக் கூடாது. ஆறை மீட்டே தீரணும்."

இவரோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கெட்டுப்போன இடத்தை விட்டுவிட்டுப் போகிறவரா இவர்? ஆனால் அந்த இருபத்தாறில் கூட இருந்தது எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டால், அவரைத் தெரியாமல் போனதிலும் தப்பில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதலில் விசாரணை. உப்பு எங்கிருந்து வந்தது? பாத்திக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சீத்தம்மா வீடு. வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற சீத்தம்மாவுக்குக் கனகலட்சுமி என்றும் வதினாதான், தெலுங்கு மதினி. அவளுடைய வாஷிங் மெஷின் தண்ணீர் சுவரோரம்தான் ஓடியது. பாண்டிச்செல்வம் டார்ச்சோடு போய்க் குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு, "சோப்பு உப்புத்தாம்மா எறங்கிருக்கு. கொஞ்ச நாளைக்கு மெஷினை நிறுத்துங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

சீத்தம்மா சுவர் மேல் முகத்தை வைத்துக் கனகலட்சுமியைக் கூப்பிட்டாள். "ஏமி வதினா, எங்க வீட்டு அழுக்குல அவ்வளவு உப்பா?"

"அதெல்லாம் இருக்காது. அவிய சும்மா சந்தேகப்படுறாக."

"சந்தேகம்னா சரி பண்ணிரணும். நான் கையிலயே துவைச்சுக்கிறேன், போ."

அன்றைக்கு முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடியும் கனகலட்சுமியின் முதுகில் விழுந்தது. மூன்று பையன்கள் உள்ள வீடு.

அடுத்தது மீட்பு. பாத்தியில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டுக் கண்மாயில் அள்ளிய வண்டல் மண்ணை, கரம்பையை, நிரப்புவது. பாண்டிச்செல்வம் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதுகுத் தண்டில் தட்டு நகர்ந்திருக்கிறது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பெல்ட் அது.

"ஆளை வச்சு வெட்டிக்கலாமே" என்றாள்.

"உப்பு எம்புட்டு ஆழத்துக்கு இருக்குன்னு நான் பாக்கணும்."

இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு மண்வெட்டி வெட்டுவதும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பதுமாக மூன்று நாள் போனது. "இங்க உப்பே தெரியலையே, இன்னும் கீழ எறங்கிருச்சு போல" என்று இன்னும் வெட்டினார். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் அவர் கையில் கொப்புளம் பார்த்து மஞ்சள் அரைத்துப் போட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரைக்குப் பின்னால் போய் நின்றாள். வேம்பின் நிழல் தவறாமல் வந்து பள்ளத்துக்குள் விழுந்திருந்தது. மலை தெரிந்தது, காற்று வந்தது, உட்காரத் தரைதான் இல்லை. அவளே உப்புப் போட்டு, அவர் கையால் வெட்டி எடுத்தாயிற்று.

"நாளைக்குக் காலையில சோழபுரத்துக் கண்மாய்க் கரம்பை வருது" என்றார் அவர் பள்ளத்துக்குள்ளிருந்து. "அது விழுந்துட்டா இந்த ராஜபாளையத்துலயே இதான் நம்பர் ஒன் மண்ணு. வருஷத்துல ஒரு நாள் சும்மா விட மாட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கரம்பை விழுந்துவிட்டால் முடிந்தது. சாதாரண மண்ணையே விட்டுத் தராதவர், தன் முதுகை உடைத்து உண்டாக்கின மண்ணையா தருவார்? அதற்குப் பிறகு கேட்பதும் பாவம்.

காலையில் டிராக்டர் பின்சந்துக்குள் வந்து ட்ரெய்லரைப் பாத்திப் பக்கமாகத் திருப்பியது. ஓட்டி வந்த காளிராஜ் நாற்பது வயசுக்காரர், பாண்டிச்செல்வத்துக்குத் தெரிந்தவர். "அண்ணாச்சி, தட்டிரலாமா?" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

பள்ளத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கனகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். வெளியே தெரிந்தது இடுப்புக்கு மேலேதான்.

"மதினி, மண்ணு தட்டணும். எந்திரிங்க."

"நீங்க இருங்க தம்பி."

பாண்டிச்செல்வம் தண்ணீர்க் குழாயோடு வந்தார். "ஏட்டி, என்ன இது? குழிக்குள்ள எதுக்கு உக்காந்திருக்க?"

வாயில் கொத்தமல்லி வந்தது, புதினா வந்தது. விழுங்கினாள்.

"உப்பு நான்தான் போட்டேன்."

"எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல."

"பஸ் ஸ்டாண்டுல எதுக்குட்டி உப்பு போட்ட?"

"பைக்குள்ள. ஆறாம் நம்பர் பைக்குள்ள. மாங்காய்க்குப் போடுற அளவு."

குழாயிலிருந்து தண்ணீர் அவர் கால் மேலேயே ஓடியது. காளிராஜ் டிராக்டரை அணைத்தார்; இதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுவருக்கு மேல் சீத்தம்மாவின் முகம் உதித்தது. கையில் பிழியாத லுங்கி.

"அய்ய்யோ ராமா! வதினா! நாலு நாளாக் கையில துவைச்சேனே! என் விரலைப் பாரு, ஊறிப் போச்சு!"

"தப்புத்தான் சீத்தம்மா. மிச்சத் துணியை இங்க போடுங்க, நான் துவைச்சுத் தாரேன்."

"எதுக்குப் போட்ட?" என்றார் பாண்டிச்செல்வம். குரலில் கோபம் இல்லை. விளங்காமைதான் இருந்தது. அதுதான் அவளைக் கஷ்டப்படுத்தியது.

"உக்காரத்தான்."

"உக்காரவா? வீட்டுக்குள்ள ஆறு நாற்காலி கெடக்கு!"

"இங்க. சும்மா. நீங்க டூட்டியில இருந்த காலத்துல தெனமும் சாயங்காலம் அரை மணி நேரம் இந்த எடத்துலதான் உக்காருவேன்."

"என்னத்தை நெனச்சுக்கிட்டு?"

"ஒண்ணையும் நெனைக்க மாட்டேன்." நிறுத்தினாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மிச்சத்தையும் சொல்லிவிடலாம். "உங்களையும்தான்."

காளிராஜ் இருமினார். சீத்தம்மா லுங்கியைப் பிழிந்தாள்.

பாண்டிச்செல்வம் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் மெல்லக் குந்தினார். பெல்ட் அழுத்தியதால் முகம் சுளித்தது. மலை தெரியும் இடைவெளியைப் பார்த்தார், வேம்பைப் பார்த்தார், கொப்புளம் உடைந்த தன் கையைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன போடப் போறன்னு கேப்பீக."

யோசித்தார். நேர்மையான மனுஷன். "கேப்பேன்தான்" என்றார். பிறகு வேறொன்று தோன்றியிருக்க வேண்டும். "அப்போ அந்தக் குதிரைவாலிப் பாகல்?"

கனகலட்சுமி நாற்காலியில் சரிந்து சிரிக்கத் தொடங்கினாள். மூன்று வாரத்துச் சிரிப்பு மொத்தமும் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேனிக்காரன் விதை அனுப்பிட்டானேட்டி! அது என்னத்து விதை?" என்று சொல்லும்போது அவருக்கும் வாய் கோணியது.

"அண்ணாச்சி, வன்னியம்பட்டிக்கு அடுத்த நடை இருக்கு" என்றார் காளிராஜ். "மண்ணை எங்க தட்ட? இல்ல, மதினி மேலயே தட்டவா?"

"எங்க வீட்டுல தட்டுங்க" என்றாள் சீத்தம்மா சுவர் மேலிருந்து. "நாலு நாள் துவைச்ச கூலி. நானும் கத்தரி போடுறேன். உங்க அண்ணாச்சிகிட்ட அந்த பிளானை மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்கன்னு சொல்லுங்க."

வெட்டிப் போட்ட மண்ணைப் பள்ளத்துக்குள் தள்ள அன்று பகல் முழுக்க ஆனது. தள்ளியது கனகலட்சுமிதான். அவர் திண்டில் உட்கார்ந்து, மேல்மண்ணைக் கடைசியில் போடு, அங்கே மேடு, இங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றையும் காதில் வாங்காமல் தன் இஷ்டத்துக்கு மண்ணை இழுத்துப் போட்டாள். மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது.

ராத்திரி அவர் வரைபடத்தின் முன்னால் ரப்பரோடு நின்றார். ஆறாம் வரிசையின் ஊதா நிறம் அழிந்தும் அழியாமலும் இருந்தது.

"இங்க என்ன எழுத?"

"ஒண்ணும் எழுதாதீக."

"காலியா விட்டா திட்டத்தை முடிக்காம விட்டது மாதிரி இருக்குமே."

"இருக்கட்டுமே."

அவரால் முடியவில்லை. ஒரு கால் மேல் மறு காலை மாற்றி மாற்றி நின்றார். கடைசியில் ஆடிக் கட்டத்தில் சின்ன எழுத்தில் 'கனகம்' என்று எழுதினார். ஆவணியிலும் புரட்டாசியிலும் எழுதினார். ஐப்பசி வந்ததும் பென்சில் நின்றது.

"ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் மழை. உன்னால உக்கார முடியாது. அப்ப மட்டும் கொஞ்சம் தண்டங்கீரை தூவிக்கிடட்டுமா? மார்கழியில பிடுங்கிருவேன்."

"மழையில எடம் சும்மா கெடந்தாலும் அது என் எடம்தான்" என்றாள். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காரமில்லை, கெஞ்சலில்லை, உப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்வது மாதிரி வந்தது.

அவர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் 'கனகம்' என்று எழுதினார். ஆனி வரை எழுதி முடித்துப் பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு அவள் போய் உட்கார்ந்தாள். புது மண்ணில் நாற்காலியின் ஒரு கால் புதைந்து சாய்ந்தது. மலைமேல் சாரல் மேகம் கட்டியிருந்தது. காற்று அடித்தது. எல்லாம் பழையபடி இருந்தும் ஏதோ ஒன்று இடித்தது. திரும்பிப் பார்த்தாள். ஐந்தாம் பாத்தியின் ஓரத்தில் பாண்டிச்செல்வம் பூவாளியோடு நின்றிருந்தார். இன்னும் விதையே போடாத பாத்திக்குத் தண்ணீர் விட்டபடி, சும்மா உட்காருவது என்றால் எப்படி என்று கண்கொட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் மெதுவாக.

"இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி ஆரம்பிக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. தண்ணிதான விடுறேன்."

"அங்கிட்டுத் திரும்பி நின்னு விடுங்க."

அவர் நிமிர்ந்தார். குதிகாலைச் சேர்த்து, பூவாளியை இடுப்போடு ஒட்டிப் பிடித்து, ஒரே வீச்சில் வீட்டுப் பக்கமாகத் திரும்பினார். இடுப்புப் பெல்ட்டுக்கு மேல் சட்டை பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. கனகலட்சுமி அந்த முதுகைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.